உள்ளே போய்ச் சேராத சேதி

பொம்மைக்குக் கை இறுகிக்கொண்டபோது வாடிக்கையாளரின் தலையில் பாதி வேலைதான் முடிந்திருந்தது. இடப்பக்கம் காது தெரியும் அளவுக்கு முடி குறைந்திருந்தது. வலப்பக்கம் தோள்வரை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் வளையத்துக்குள் இருந்த விரல்கள் முதலில் மரத்தன. அப்புறம் கட்டைவிரல் தானாக உள்ளங்கைப் பக்கம் மடிந்தது. மற்ற விரல்கள் விறைத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உதறிப் பார்த்தாள். கத்தரிக்கோல் கையை விட்டு வருவேனா என்றது.

"என்னம்மா, நிறுத்திட்டீங்க?" என்று கண்ணாடி வழியாகவே கேட்டார் நாற்காலியில் இருந்தவர். வங்கியில் வேலை பார்க்கும் அம்மா. மாதம் தவறாமல் பொம்மையிடம்தான் வருவார்.

"ஒண்ணுமில்ல மேடம். கை கொஞ்சம் பிடிச்சுக்கிச்சு. இதோ..."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல இருந்தது. கண்ணாடியில் தெரிந்த இரண்டு முகங்களும் சாய்ந்தன. அவள் விழுந்த சத்தம் கேட்டுக் கடைக்கார அக்கா முடி உலர்த்தும் கருவியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். வங்கி அம்மாவும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, வாசலில் நின்ற வாடகைக் காரில் ஏற்றினார்கள். பாதி வெட்டிய தலையோடும், கழுத்தில் கட்டிய துணியோடும் வங்கி அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டுநரை விரட்டினார்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் முதலில் அவரைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு என்னம்மா ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல டாக்டர். முடிதான் பாதியில நிக்குது. பொண்ணு பின்னாடி படுத்திருக்கா, அவளைப் பாருங்க."

பொம்மை என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். உருண்டை முகம், குட்டைக் கழுத்து, சின்னஞ்சிறு கைகள், வகுப்பில் முதல் வரிசைக்கு அப்பால் போக முடியாத உயரம். பெயர் வைத்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள், பெயர் மட்டும் அவளோடு தங்கிவிட்டது. வீட்டிலும் அதேதான், கடையிலும் அதேதான். அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை. வருத்தம் வேறு இரண்டு விஷயத்தில். எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் உடம்பு இளைக்காது. பார்க்கிறவர்களெல்லாம் வாயைக் கட்டு என்று புத்தி சொல்வார்கள். இன்னொன்று வலிப்பு. படிக்கிற வயதில் ஆரம்பித்தது. அதற்கு மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கே அந்த ருசிக்குப் பழகிவிட்டது. ஆனாலும் வலிப்பு வரவேண்டிய நேரத்தில் வந்துகொண்டுதான் இருந்தது. மாத்திரையைக் கூட்டினால் அதிகமாகக்கூட வந்தது.

வலிப்பு ஏன் வந்தது என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள், கால் இடறியது, குழந்தை கையை விட்டு நழுவிப் படியில் விழுந்தது. அன்றைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பல வருடம் கழித்து முதல் வலிப்பு வந்ததும் அப்பாவுக்கு அந்தப் படிதான் ஞாபகம் வந்தது. தலையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒருவரும், உள்ளே பழைய தழும்பு மாதிரி ஏதோ வெள்ளையாகத் தெரிகிறது என்று சொல்லிவைத்தார். அப்புறம் கேட்க வேண்டுமா? சாம்பாரில் உப்புக் கூடினாலும் சரி, மின்சாரக் கட்டணம் கட்ட மறந்தாலும் சரி, சண்டை கடைசியில் அந்தப் படியில்தான் போய் நிற்கும்.

"உன் கையில எது தங்கியிருக்கு? பெத்த புள்ளையையே கீழ போட்டவதானே நீ."

 அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

இளம் டாக்டர் பொம்மையின் கன்னத்தில், காதுக்குச் சற்று முன்னால், விரலால் லேசாகத் தட்டினார். அவள் உதட்டோரம் வெடுக்கென்று துடித்தது. இன்னொரு தடவை தட்டினார், மறுபடியும் துடித்தது. நர்ஸிடம் ரத்தம் எடுக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் முடிவு வந்தது. அவர் புருவத்தை உயர்த்தினார்.

"ரத்தத்துல கால்சியம் ரொம்பக் கம்மி. எப்படி இத்தனை நாள் நடமாடுனீங்க?"

கால்சியம் மருந்தை நரம்பு வழியாக மெல்ல மெல்ல ஏற்றினார்கள். பொம்மை படுத்தபடியே தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் சுண்டுவிரல் விலகியது. அப்புறம் ஒவ்வொன்றாக. கடைசியில் கட்டைவிரலும் உள்ளங்கையை விட்டு வெளியே வந்தது. எத்தனையோ தடவை இறுகிய கை, தூங்கி எழுந்தபின் தானாகச் சரியாகியிருக்கும். கண் முன்னால் அது விரிவதை அன்றுதான் பார்த்தாள். அழுகை வந்தது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வலிக்குதாம்மா?" என்றார் கடைக்கார அக்கா.

"இல்லக்கா. வலிக்கல. அதான்."

அப்பாவும் அம்மாவும் பதறியடித்துக்கொண்டு வந்தார்கள். அப்பா பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். எங்கே போனாலும் கூட்டத்தை விலக்குகிற குரல் அவருக்கு. மகள் உட்கார்ந்து தேநீர் குடிப்பதைப் பார்த்ததும் அந்தக் குரல் உடைந்தது. உடைந்த குரலை மறைக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"பாரு, எல்லாம் நீ அன்னைக்குப் பண்ணின வேலை," என்றார் அம்மாவைப் பார்த்து.

அம்மா மகளின் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் கழித்து பொம்மையை ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பினார்கள். அப்பா வெளியே நடந்துகொண்டிருந்தார். அம்மா மட்டும் கூட வந்தாள். டாக்டர் நடுத்தர வயதுக்காரர். தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்பவர் என்பது பின்கழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் பொம்மைக்குத் தெரிந்துவிட்டது. தப்பாக வெட்டிய இடத்திலேயே அவள் கண் போய்ப் போய் நின்றது.

"கையை மூடிக் குத்துற மாதிரி காட்டுங்க," என்றார் டாக்டர்.

மூடினாள். முஷ்டி பிடித்தால் எல்லாருக்கும் விரல் மூட்டுகள் மேடாகத் தெரியும். அவளுக்கு முதல் இரண்டு விரலுக்கு மேடு இருந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் தொடங்குகிற இடத்தில் மேட்டுக்குப் பதில் குழி. கன்னத்துக் குழி மாதிரி அழகாகவே இருக்கும். யாரும் அதை ஒரு நோயாகப் பார்த்ததில்லை.

"வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

"தெரியலையே டாக்டர்," என்றாள் பொம்மை.

அம்மா மடியில் இருந்த கைப்பைக்கு அடியில் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டார்.  அம்மா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். அப்புறம் கையை எடுத்து மேசைமேல் வைத்து மூடினாள். அதே இரண்டு இடத்தில் அதே குழி.

"எங்கப்பா கையும் இப்படித்தான் இருக்கும்," என்றாள். "ஆனா எனக்கு ஒரு வலிப்பும் வந்ததில்லையே. அவருக்கும் வந்ததில்ல."

"வராது. அதுதான் இதுல வேடிக்கை," என்றார் டாக்டர். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கழுத்துல நாலு சின்னச் சுரப்பி இருக்கு. ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா அது ஒரு ஹார்மோனை அனுப்பும். அந்த ஹார்மோன் சிறுநீரகத்துக்குப் போய், 'கால்சியத்தை வெளிய விடாதே, பிடிச்சு வை'ன்னு சொல்லணும். இவங்களுக்கு அந்த ஹார்மோன் இல்லாம இல்ல. எக்கச்சக்கமா இருக்கு. தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கு. சிறுநீரகம்தான் காதுலயே வாங்க மாட்டேங்குது. அதான் கால்சியம் குறைஞ்சு கை இறுகுது, வலிப்பு வருது."

"அப்போ சிறுநீரகம் கெட்டுப்போச்சா?" அம்மா பயந்துவிட்டாள்.

"இல்லம்மா, அது நல்லாத்தான் இருக்கு." டாக்டர் பொம்மையைப் பார்த்தார். "நீங்க வேலை பார்க்கிற கடையில வாசல்ல யாராவது உட்கார்ந்து பேர் கேட்பாங்களா?"

"ஒரு பொண்ணு இருக்கா டாக்டர்."

"வாடிக்கையாளர் வந்து அவகிட்ட சொல்றாங்க. அவங்க வாசலைத் தாண்டி உள்ள வரக்கூடாது. அவதான் எழுந்து உள்ள வந்து உங்ககிட்ட சொல்லணும். அப்பத்தான் நீங்க கத்தரிக்கோலை எடுப்பீங்க. செல்லும் அப்படித்தான். சுத்தி ஒரு சவ்வு இருக்கு. ஹார்மோன் அதைத் தாண்டாது. சவ்வுல ரிசெப்டர்னு ஒண்ணு பதிஞ்சிருக்கு, அதுமேல வந்து உட்காரும். அதோட அதன் வேலை முடிஞ்சுது. அப்புறம் ரிசெப்டருக்கு அடியில இருக்கிற ஒரு புரதம் முழிச்சுக்கிட்டு, உள்ளே புதுசா ஒரு தூதரை உண்டாக்கும். இரண்டாம் தூதர்னு சொல்லுவோம். அந்தத் தூதர் செல்லுக்குள்ள ஓடி ஓடிச் சேதி சொல்லும். உங்களுக்கு ஹார்மோன் வருது, ரிசெப்டர் இருக்கு. நடுவுல இருக்கிற அந்தப் புரதம் போதல. சேதி வாசலோட நின்னுடுது."

பொம்மை சிரித்துவிட்டாள். "எங்க வாசல் பொண்ணும் பாதி நாள் ஃபோனைத்தான் பாத்துக்கிட்டிருப்பா டாக்டர்."

"அப்போ உங்களுக்குப் புரிஞ்சுபோச்சு."

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு பரிசோதனை செய்யலாம் என்றார். மறுவாரம் ஒரு காலையில் அவளைப் படுக்கவைத்து, அதே ஹார்மோனை ஊசியாக ஏற்றினார்கள். அரைமணிக்கொரு தடவை சிறுநீர் பிடித்துக்கொடுக்கச் சொன்னார்கள். சேதி உள்ளே போயிருந்தால் அந்த இரண்டாம் தூதர் சிறுநீரில் மளமளவென்று கூடும், அதை அளந்துவிடலாம். பொம்மை குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், நடையாக நடந்தாள். அம்மா ஒவ்வொரு தடவையும் கழிப்பறை வாசலில் ஏதோ பரீட்சை முடிவுக்கு நிற்பதுபோல நின்றாள்.

முடிவு வந்தது. தூதரின் அளவு ஏறவே இல்லை. அசையக்கூட இல்லை என்றார் டாக்டர். புதிதாக எடுத்த தலைப் படத்தையும் விளக்கில் வைத்துக் காட்டினார்.

"இந்த வெள்ளையைத்தான் அந்தக் காலத்துல தழும்புன்னு சொல்லியிருக்காங்க. இது அடிபட்ட தழும்பு இல்லம்மா. இதே நோயால அங்கங்க கொஞ்சம் சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

அம்மா எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனாள்.

"டாக்டர், இவ கைக்குழந்தையா இருக்கும்போது... என் கையில இருந்து கீழ விழுந்துட்டா. படியில."

"தெரியுது, நீங்க எதைக் கேட்கறீங்கன்னு. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட இல்ல. விழாம இருந்திருந்தாலும் வந்திருக்கும்."

அம்மா நாற்காலிக்குத் திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள்.  பொம்மை அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கொஞ்ச நேரம் தாள்களைப் புரட்டுவதுபோல வேறு பக்கம் பார்த்தார்.

பிறகு மீதியையும் சொன்னார். குறை அம்மா வழியாக வந்தது. அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணு இரண்டு பிரதி, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. சிறுநீரகத்தில் மட்டும் தந்தை கொடுத்தது வாய் திறக்காது. தாய் கொடுத்ததை வைத்துத்தான் பிழைப்பு. அம்மாவுக்குக் குறை தன் அப்பாவிடமிருந்து வந்ததால் விரலோடு போயிற்று. பொம்மைக்குத் தாயிடமிருந்து வந்ததால் முழுசாக வந்தது. தைராய்டும் இதே வழியாகத்தான் சேதி வாங்குகிறது, அதனால் அதுவும் மந்தம். உடம்பு பெருத்ததற்கும் இதுவே காரணம்; சாப்பாட்டைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பழைய வலிப்பு மாத்திரை உடம்பில் இருக்கும் வைட்டமின் டி-யைக் குறைத்து நிலைமையை மோசமாக்கியிருக்கிறது. அதை மெதுவாக நிறுத்திவிடலாம். கால்சியமும், உடம்பு நேராக எடுத்துக்கொள்கிற வைட்டமின் டி-யும், தைராய்டுக்கு ஒரு மாத்திரையும் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். அடிக்கடி ரத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும்.

"எனக்குக் குழந்தை பிறந்தா?" என்று பொம்மை கேட்டாள்.

"வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி. ஆனா பிறந்ததுமே பார்த்துடலாம். முன்னாடியே தெரிஞ்சா வலிப்பு வரைக்கும் போகவே விட மாட்டோம்."

வீடு திரும்பும் வழியில், அம்மா வழி என்பதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று பொம்மை முடிவுசெய்துகொண்டாள். விழுந்ததால் வந்தது இல்லை என்று மட்டும் சொன்னால் போதும். ஆனால் அம்மா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். படி இல்லை, தழும்பு இல்லை, என் கைதான், எங்கப்பா கை, இதோ பாருங்க என்று முஷ்டியை நீட்டிக் காட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பொம்மை பார்த்ததே இல்லை.

அப்பா அந்த முஷ்டியைக் குனிந்து பார்த்தார். அவருக்கும் மனசில் ஏதோ பாரம் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் வழக்கம் விடுமா? சிரித்துக்கொண்டே, வேடிக்கையாகத்தான் சொன்னார்.

"எப்படிச் சுத்தினாலும் கடைசியில உன் கிட்டதான் வந்து நிக்குது பாத்தியா?"

அம்மா கையை இறக்கினாள்.

"என்ன சொன்னீங்க?"

"சும்மா சொன்னேன்டி."

"சும்மாவா? இத்தனை வருஷமா சும்மாத்தான் சொன்னீங்களா?" குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒவ்வொரு தடவ அவ விழும்போதும் நான்தான் தள்ளிவிட்ட மாதிரி நின்னேன். அவ மூஞ்சிய நேராப் பாக்க முடியாம நின்னேன். உங்களுக்குச் சும்மா."

அன்றைக்கே தன் தலையணையை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்கு வந்துவிட்டாள். சமைத்தாள், துவைத்தாள், அப்பாவின் சட்டையைக்கூட மடித்து வைத்தாள். பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. அப்பா முதலில் வீம்பாக இருந்தார். பிறகு தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார். பிறகு தன் தட்டைத் தானே கழுவினார். எதுவும் எடுபடவில்லை.

ஒரு மத்தியான நேரம் அவர் கடைக்கே வந்தார். கூட்டமில்லை. கடைக்கார அக்கா மரியாதையாக உள்ளே போய்விட்டார். அப்பா பொம்மையின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

"முடி வெட்டு."

"வெட்ட என்னப்பா இருக்கு? போன வாரம்தானே வெட்டினீங்க."

"இருக்கிறதை வெட்டு."

துணியைக் கட்டி, சீப்பை எடுத்து, காதோரம் ஒட்டியிருந்த நாலு முடியைச் சரிபண்ண ஆரம்பித்தாள். கை லேசாக, இதமாக ஓடியது. அப்பா கண்ணாடியில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் தடவ உனக்கு வந்தப்ப நான் வண்டியில இருந்தேன்," என்றார். "சேதி கேட்டுப் பாதி வழியில பஸ்ஸை நிறுத்திட்டு இறங்கி ஓடி வந்தேன். நுரை தள்ளிக்கிட்டுக் கிடந்தே. யாரையாவது அடிக்கணும்போல இருந்துச்சு. பக்கத்துல உங்கம்மாதான் இருந்தா."

பொம்மை கத்தரிக்கோலை நிறுத்தினாள்.

"அப்புறம் அதுவே பழகிப்போச்சு. தப்புதான். நீ அம்மாகிட்ட சொல்லிடு. அப்பா தப்புன்னு சொன்னாருன்னு."

"நான் சொல்ல மாட்டேன்."

"ஏண்டா? நீ சொன்னா கேப்பா."

"என் மூலமா ஒண்ணும் வேணாம்பா. அவங்களைத் திட்டினப்ப நேராத்தானே திட்டினீங்க."

 கழுத்துத் துணியை அவிழ்த்ததும் அப்பா எழுந்து, வாசல் பெண்ணிடம் தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலை பொம்மை வீட்டுக்கு வந்தபோது அவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. அம்மா அடுப்பைப் பார்த்து நின்றாள். திரும்பவில்லை. பேருந்தில் கூட்டத்தையே அதட்டிய மனிதர் தொண்டையைச் செருமிச் செருமிப் பார்த்தார்.

"உன் மேல ஒரு தப்பும் இல்ல," என்றார் கடைசியில். "அன்னைக்குப் படியிலயும் இல்ல. இப்பவும் இல்ல. நான்தான் பாவி. சொல்லியிருக்கக் கூடாது."

அம்மா தேநீரை வடிகட்டினாள். அவசரப்படாமல் மூன்று கோப்பையில் ஊற்றினாள். ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"எத்தனை வருஷம் சொன்னீங்க அதை?"

அப்பா கோப்பையைக் கையில் திருப்பினார்.

"இதை ஒரே தடவ சொல்லிட்டுத் தப்பிச்சுக்கலாம்னு பாக்கறீங்களா? நாளைக்கும் சொல்லணும்."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். வேடிக்கைக்குச் சொல்கிறாளா என்று பார்த்தார். முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

"சொல்றேன்," என்றார்.

மறுநாளும் சொன்னார். அதற்கடுத்த நாளும். முதலில் மென்று விழுங்கினார். போகப் போகத் தேநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பதுபோல இயல்பாகச் சொல்ல ஆரம்பித்தார். அப்படி இயல்பாகிவிட்டால் அம்மா ஒத்துக்கொள்வதில்லை. "வாய் சொல்லுது, மனசு வேற எங்கயோ இருக்கு. இன்னொரு தடவ," என்பாள். தலையணை எப்போது பழைய அறைக்குத் திரும்பிப் போனது என்று பொம்மை கவனிக்கவில்லை. ஒருநாள் பார்த்தபோது அவள் கட்டிலில் அது இல்லை.

வலிப்பு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டார்கள். கை இப்போது இறுகுவதில்லை. கால்சியம் மாத்திரையை மறந்த நாளில் மட்டும் உதட்டோரம் எறும்பு ஊரும். உடனே எடுத்துப் போட்டுக்கொள்வாள். வங்கி அம்மா இப்போதும் மாதாமாதம் வருகிறார். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்கு முழுசா முடிச்சுத்தானே அனுப்புவீங்க?" என்பதுதான். ஹார்மோன் டாக்டரையும் பொம்மை ஒருநாள் தைரியமாகக் கேட்டுவிட்டாள், கோபித்துக்கொள்ளாவிட்டால் ஒன்று சொல்லட்டுமா என்று. அவர் பின்கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா என்று கேட்டார்.